தவளை கிளப்பிய விமானம்

ஜனவரி 3, சனி

முழங்கால் வலி. வெளியே உறைபனி. பூனைக்கு இரண்டு தடவை காலைச் சாப்பாடு வைத்துவிட்டேன். முதல் தடவை வைத்ததை அது ஏன் எனக்கு ஞாபகப்படுத்தப் போகிறது?

ட்ரூடி கடைக்குப் போனேன். மோர் விட்டுப் பிசைந்து சுட்ட பிஸ்கட் இரண்டு, மேலே மிளகுக் குழம்பு. கடையில் ஒருவர்கூடத் தட்டைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் போனில். மாற்றப் பட்டியல் நேற்றுத் திறந்துவிட்டது. பதினாறாம் தேதி வரை எந்தக் கல்லூரி ஆட்டக்காரனும் தன் பெயரை அதில் போடலாம். போட்டதும் மற்ற கல்லூரிகள் அவனை வளைக்கக் கிளம்பிவிடும்.

உயிரியல் வகுப்பெடுத்த காலத்தில் இதற்கு நல்ல உதாரணம் வைத்திருந்தேன். கடற்கரையில் பெரிய காலிச் சங்கு ஒன்று ஒதுங்கினால் சங்கு நண்டுகள் பெரியது, நடுத்தரம், சின்னது என்று வரிசை கட்டி நிற்கும். முதல் நண்டு புதுச் சங்குக்குள் நுழைந்ததும் அது விட்ட சங்கில் இரண்டாவது, இரண்டாவது விட்டதில் மூன்றாவது. சில விநாடிகளில் எல்லாமே குடி மாறியிருக்கும். அவசரப்பட்டு முதலிலேயே வெளியே வந்த நண்டின் கதிதான் பாவம். முதுகு வெறுமையாக நிற்கும். நாரைக்குக் கொண்டாட்டம்.

எங்கள் ஊர்க் கல்லூரி அணியின் பரம வைரிகள் பெயரே நாரைகள்தான். நாங்கள் கோவேறு கழுதைகள். பெயர் வைத்த புண்ணியவான் யாரோ.

ஜனவரி 5, திங்கள்

வாரம் இரண்டு காலை கல்லூரியின் அமெரிக்கக் கால்பந்து அலுவலகத்தில் கோப்பு அடுக்குவது என் வேலை. ஊருக்குத் தெரிந்தது அவ்வளவுதான். தெரியாதது: கோச் ராய்ஸ் பெட்டிபோன் 'தன் கைப்பட' எழுதும் கடிதங்கள் எல்லாம் என் கைப்பட எழுதியவை. அவன் கையெழுத்து, கோழிக் காலில் மை தடவி விட்டது போலிருக்கும். என் வகுப்பில் தவளையை அறுக்கச் சொன்னபோது மயங்கி விழுந்தவன் அவன். விழுந்தது தவளை மேலேயே.

இன்று கதவைச் சாத்திக்கொண்டு வந்தான்.

"டீச்சர், கோர்ட்லன் மேஸ் பட்டியல்ல பேரு போட்டுட்டான். ஆறரை அடி. பெரிய பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷமா பெஞ்சுல உக்கார வெச்சிருக்காங்க. எனக்கு அவன் வேணும்."

"நாப்பது காலேஜ் அவனுக்கு போன் போடுமே?"

"அதனாலதான் நாம அவங்கம்மாவுக்கு லெட்டர் போடறோம்."

போன வருடம் பன்னிரண்டு ஆட்டத்தில் ஒன்பது தோல்வி. எதிராளிகள் பாய்ந்து தள்ளியதில் எங்கள் பந்தெறிபவன் நாற்பத்தொரு தடவை தரையில் மல்லாந்தான். இன்னொரு வருடம் இப்படிப் போனால் ராய்ஸ் வேறு வேலை தேட வேண்டியதுதான். நிர்வாகம் வாயைத் திறந்தே சொல்லிவிட்டது. அதனால் பந்தெறிபவனுக்குக் காவலாக இடப்பக்கம் ஒரு மலை வேண்டும்.

எழுதினேன். "அன்புள்ள திருமதி மேஸ், தேன்கூட்டின் வாசலில் சில தேனீக்கள் காவல் நிற்கும். தேன் எடுக்கப் போகாது. அவற்றை யாரும் பாராட்டுவதும் இல்லை. பந்தெறிபவன் எறியத் திரும்பும்போது அவன் கண்ணுக்குத் தெரியாத பக்கம் இடப்பக்கம். அங்கே நிற்பவனும் அப்படி ஒரு தேனீ..."

ராய்ஸ் படித்துவிட்டு என்னைப் பார்த்தான். "நான் எப்ப டீச்சர் தேனீயப் பத்திப் பேசினேன்?"

"இன்னிலேருந்து பேசறே."

ஜனவரி 7, புதன்

கடிதம் விரைவு அஞ்சலில் போனது. ஓப்பல் மேஸ் அம்மாள் பதிலுக்கு ராய்ஸைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார். மிசிசிப்பியில் ஒரு பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவர். வெள்ளிக்கிழமை மாலை.

சிக்கல் என்னவென்றால், ராய்ஸின் சிவப்பு வண்டி இந்த ஊர் எல்லையைத் தாண்டினால் ரசிகர் அரட்டைப் பக்கத்தில் பத்து நிமிடத்தில் செய்தி வந்துவிடும். நாரைகளின் ஆட்களும் அதைப் படிக்கிறார்கள். பின்னாலேயே வந்து நிற்பார்கள்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எழுபத்தொரு வயதில் இப்படிப்பட்ட யோசனைகள் வரக் கூடாதுதான்.

ஜனவரி 9, வெள்ளி

காலை ஆறரை. ராய்ஸ் என் சின்னக் காரில் மிசிசிப்பிக்குக் கிளம்பினான். முழங்கால் தாடையில் இடிக்க, சட்டையெல்லாம் பூனை முடி. நான் அவனுடைய சிவப்பு வண்டியை ஓட்டிக்கொண்டு போய் ஊர்க்கோடி விமானத் திடலில், சாலையிலிருந்து எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நிறுத்தினேன். திரும்ப ஒரு மைல் நடை. முழங்கால் ஆட்சேபித்தது. பொருட்படுத்தவில்லை.

வீட்டுக்கு வந்து அரட்டைப் பக்கத்தைத் திறந்தேன். அங்கே என் பெயர் 'தவளை'. மூன்று வருடமாக இந்தப் பெயரில்தான் எழுதுகிறேன். யாருக்கும் தெரியாது. எழுதினேன்: "கோச் வண்டி விமானத் திடலில் நிற்கிறது. டெக்ஸஸ் பக்கம் போகிறாராம். இடப்பக்கத்துக்கு ஆள் பார்க்க. போன வருடக் கதவு இத்துப்போய்விட்டது, பாவம்."

உப்பில்லாத பொய் ருசிக்காது. அதனால்தான் கடைசி வரி.

மதியத்துக்குள் அமர்க்களம். காலையில் திடலிலிருந்து கிளம்பிய ஒரே விமானத்தை அரட்டைப் பக்கத்துக்காரர்கள் இணைய வரைபடத்தில் துரத்திக்கொண்டே போயிருக்கிறார்கள். அது டெக்ஸஸில் கார்வெல் என்கிற சின்ன ஊரில் இறங்கியது. அதில் போனது எங்கள் ஊர் வேர்க்கடலை வியாபாரி. அது அவர்களுக்குத் தெரியாதே! கார்வெலைச் சுற்றி இருபது மைலுக்குள் பெரிய உடம்புக்காரன் யார் என்று தேடி, டோபியாஸ் ரென்ட்ஃப்ரோ என்று ஒரு பையனைக் கண்டுபிடித்துவிட்டார்கள். நேற்று வரை அவன் பெயரை ஒரு ஈ காக்கைகூடக் கேள்விப்பட்டதில்லை. சாயங்காலம் பார்த்தால் அவன் 'தென்மாநிலங்களின் மறைந்திருந்த மாணிக்கம்'. நாரைகளின் துணைக் கோச் டெக்ஸஸுக்கு விமானம் ஏறிவிட்டாராம்.

சிரித்துச் சிரித்து இடுப்புப் பிடித்துக்கொண்டது.

ஜனவரி 10, சனி

இன்று சிரிக்கவில்லை.

ட்ரூடி தட்டை என் முன்னால் வைத்துவிட்டு, போனை எடுத்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தாள். "'போன வருடக் கதவு இத்துப்போய்விட்டது, பாவம்.' யாரு இந்தத் தவளை? எம்புள்ளைய இத்துப்போன கதவுங்கிறான்!"

வெண்டல். ட்ரூடியின் மகன். பத்தொன்பது வயதில் போன வருடம் முழுக்க இடப்பக்கம் நின்றவன். அவனைவிட நான்கு வயது மூத்தவர்களிடம் அடி வாங்கிக்கொண்டு, ஒரு ஆட்டத்துக்குக்கூட லீவு போடாமல் நின்றவன். எனக்குத் தெரியாதா? மூன்று வருடத்துக்கு முன் என் கடைசி வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பையனாயிற்றே. எழுதும்போது எனக்குக் கதவுதான் ஞாபகம் இருந்தது. கதவுக்கு ஒரு பெயர் உண்டு என்பது ஞாபகம் இல்லை.

"அவன் என்ன சொன்னான்?" என்று கேட்டேன்.

"ராத்திரி சாப்பிடல. 'எனக்குப் பதிலா ஆள் தேடறாங்களாம்மா'ன்னான். பாத்துப் பாத்து வளத்தவ நான். அந்தத் தவளை மட்டும் கையில கெடச்சான், மாவுல பொரட்டி எண்ணெயில போட்ருவேன், டீச்சர்."

பிஸ்கட் தொண்டையில் நின்றது. தண்ணீர் கொண்டுவந்து என் முதுகைத் தட்டிவிட்டவளும் அவள்தான்.

ஜனவரி 11, ஞாயிறு

தேவாலயத்தில் 'பொய்ச்சாட்சி சொல்லாதே' பற்றிப் பிரசங்கம். போதகர் அரட்டைப் பக்கம் படிக்கிறாரோ?

ஜனவரி 12, திங்கள்

வெண்டல் பட்டியலில் பெயர் போட்டுவிட்டான். காலை ஒன்பது மணிக்கு.

ராய்ஸ் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறான். "ரெண்டு பேரும் இல்லாம போனா இடப்பக்கம் நீங்கதான் டீச்சர் நிக்கணும்" என்றான். நான்தான் தவளை என்பது அவனுக்கும் தெரியாது. மேஸ் அம்மாள் வீட்டில் மூன்று தட்டுக் கெளுத்தி மீன் சாப்பிட்டானாம். எல்லாம் நன்றாக நடந்ததாம். அவர் மட்டும் இன்னும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

மாலை என் வீட்டுத் தொலைபேசி அடித்தது.

"நீங்கதான் அந்தக் கையா?"

"எந்தக் கை?"

"தேனீ எழுதின கை. நான் ஓப்பல் மேஸ்."

நாற்காலியில் உட்கார்ந்தேன்.

அவர் வீட்டுச் சமையலறைக் கதவின் பின்பக்கத்தில், சாப்பிட வருகிற ஒவ்வொரு கோச்சும் கையெழுத்துப் போட வேண்டுமாம். மகனுக்குப் பதினாறு வயதிலிருந்து இந்த வழக்கம். இருபத்து மூன்று கையெழுத்து இருக்கிறது. ராய்ஸும் போட்டிருக்கிறான். அவன் போன பிறகு கடிதத்தை எடுத்து அதன் பக்கத்தில் பிடித்துப் பார்த்தாராம்.

"கையெழுத்த விடுங்க. அதுக்கு முந்தியே எனக்கு சந்தேகம். மனுசன் ரெண்டு மணி நேரம் பேசினாரு. ஒரு தேனீ வரல. நானே எடுத்துக் குடுத்தேன், 'தேனீங்கல்லாம் எப்படி இருக்கு கோச்'னு. 'எனக்குத் தேன் ஒத்துக்காதுங்க'ங்கிறாரு! இன்னிக்கு போன் போட்டு ஒரு அதட்டுப் போட்டேன். உங்க பேரச் சொல்லிட்டாரு."

சிரிப்பு வந்தது. பயமாகவும் இருந்தது.

"அவரு கெட்டவரு இல்ல," என்றார். "ஆனா போன தடவ நான் ஏமாந்துட்டேன். 'அந்த எடத்துல யாராவது இருக்காங்களா'ன்னு அந்தப் பெரிய எடத்துல கேட்டேன். 'காலியாத்தான் இருக்கு அம்மா'ன்னாங்க. போய்ப் பாத்தா மூணு பேரு. எம்புள்ள ரெண்டு வருசம் பெஞ்சு தேச்சான். இப்ப உங்களக் கேக்கறேன். உங்க இடப்பக்கத்துல யாரு இருக்கா?"

முப்பத்தெட்டு வருடம் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டுப் பதிலுக்காகக் காத்திருந்திருக்கிறேன். காத்திருக்கும் ஆளின் மூச்சுச் சத்தம் எப்படிக் கேட்கும் என்று இன்றுதான் தெரிந்தது. 'காலியாத்தான் இருக்கு' என்று சொல்லிவிடலாம். ராய்ஸின் வேலை தப்பும். வெண்டல்தான் பட்டியலில் போய்விட்டானே — பொய்கூட இல்லை அது, பாதி உண்மை. பாதி உண்மைக்கு நான் எத்தனை பிள்ளைகளுக்கு மார்க் வெட்டியிருப்பேன்!

"வெண்டல்னு ஒரு பையன் இருக்கான்," என்றேன். "நல்ல பையன். வளர்ற பையன். இன்னிக்குக் காலைலதான் கோவிச்சுக்கிட்டுப் பட்டியல்ல பேரு போட்டான். காரணம் நான்." ஒரு நூலை இழுத்தால் முழுத் துணியும் பிரிந்து வருகிறது. சிவப்பு வண்டி, விமானம், தவளை, கதவு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மறுமுனையில் மூக்கு வழியாக ஒரு சத்தம். சிரிப்பா, கோபமா?

"அந்தப் பையனோட அம்மாவுக்குத் தெரியுமா, தவளை யாருன்னு?"

"தெரியாது. தினமும் அவ கையாலதான் சாப்பிடறேன்."

"மொதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. அதுவரைக்கும் எம்புள்ள எந்தக் காகிதத்துலயும் கையெழுத்துப் போட மாட்டான்."

ஜனவரி 13, செவ்வாய்

ட்ரூடி கடைக்குப் போனேன். சாப்பிட்டேன். வந்துவிட்டேன்.

கோழை.

ஜனவரி 14, புதன்

சொல்லிவிட்டேன்.

"ட்ரூடி, தவளை நான்தான்."

அவள் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். துணி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள், பிறகு என் தட்டைப் பார்த்தாள். தட்டில் ஒன்றரை பிஸ்கட் மிச்சம். தட்டை எடுத்துக்கொண்டாள்.

"கடை மூடியாச்சு, டீச்சர்."

காலை எட்டு மணி. ஏழு பேர் முள்கரண்டியும் கையுமாகத் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தார்கள்.

"நீங்கல்லாம் சாப்பிடுங்கப்பா," என்றாள். "இவங்களுக்கு மட்டும்தான் மூடியிருக்கு."

வீட்டுக்கு வந்து அரட்டைப் பக்கத்தில் சொந்தப் பெயரில் எழுதினேன்: "தவளை என்பது ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியை ஐடெல்லா க்ரம். விமானத்தில் போனது வேர்க்கடலை வியாபாரி. வெண்டலைப் பற்றி எழுதியது பொய், அதோடு அற்பத்தனம்." இருநூற்றுப் பன்னிரண்டு பதில்கள். பாதிப் பேர் என் பழைய மாணவர்கள். இப்படி ஒரு நாளுக்காகவே காத்திருந்தார்கள் போலிருக்கிறது. ஒருவன் கேட்டிருந்தான்: "நான் காப்பியடிச்சப்போ நூறு தடவை எழுத வெச்சீங்களே டீச்சர், உங்களுக்கு எத்தனை தடவை?"

நியாயமான கேள்வி.

ஜனவரி 15, வியாழன்

எழுதி முடித்தேன். 'வெண்டல் இத்துப்போன கதவு அல்ல.' நூறு தடவை, நான்கு தாள், சாய்வில்லாமல், என் நல்ல கையெழுத்தில். ட்ரூடி கடை திறப்பதற்கு முன்னால் போய்க் கண்ணாடி ஜன்னலில் ஒட்டிவிட்டு வந்தேன். கிழிப்பாள் என்று நினைத்தேன். மதியம் காரில் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன் — நான்கும் அங்கேயே இருந்தன. ஓரங்களில் அவளே கூடுதலாகப் பசை நாடா ஒட்டியிருக்கிறாள். ஊர் நன்றாகப் பார்க்கட்டும் என்று!

ஓப்பலுக்கு போன் செய்து சொன்னேன். "அந்த அம்மா நம்பர் குடுங்க," என்றார். "நாங்க ரெண்டு பேரும் பேசிக்கறோம்."

ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார்கள். என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை.

ஜனவரி 16, வெள்ளி

பட்டியல் மூடும் நாள். நானும் ராய்ஸும் அலுவலகத்தில் ஒரே தொலைபேசியை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். அவன் என்னோடு பேசவில்லை. தவளை விஷயம் அவனுக்கும் அரட்டைப் பக்கத்திலிருந்துதான் தெரிந்தது. ஒரு தடவை மட்டும், "என் வண்டிய ஓட்டறப்ப கியர் சத்தம் போட்டுதா?" என்று கேட்டான்.

பத்து மணிக்கு ட்ரூடி நேரிலேயே வந்தாள். ஏப்ரன்கூடக் கழற்றவில்லை. என் பக்கம் திரும்பவே இல்லை.

"கோச், எழுதிக்குங்க. இடப்பக்கம் எம்புள்ள. வலப்பக்கம் ஓப்பல் புள்ள."

ராய்ஸ் எழுந்து நின்றான். "மேஸ் இடப்பக்கத்துக்காரன் ஆச்சே ட்ரூடி! அவனை எல்லாரும்—"

"எல்லாரும் கேட்டீங்களா? அவனுக்கு வலப்பக்கம்தான் வரும், சின்ன வயசுலேருந்து. ஒசரமா இருக்கான்னு பள்ளிக்கூடத்துல இடப்பக்கம் நிக்க வெச்சாங்க. அப்புறம் ஒருத்தனும் மாத்தல. இருபத்து மூணு கோச்சு அவங்க வீட்டு மீன் தின்னிருக்கீங்க. ஒருத்தராவது அவங்கம்மாகிட்ட 'அவன் எந்தப் பக்கம் நின்னா சந்தோசமா இருப்பான்'னு கேட்டீங்களா?"

ராய்ஸ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். இந்த மாதம் மட்டும் ராய்ஸ் பெயரில் நான்கு கடிதம் எழுதியிருக்கிறேன், தேனீ, நண்டு, எறும்பு, கரையான் என்று. ஒரு கேள்விக்குறிகூட இல்லை ஒன்றிலும். முப்பத்தெட்டு வருட வாத்தியார் வேலையின் லட்சணம்.

"வெண்டல் வருவானா?" என்று மெல்லக் கேட்டேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினாள். "அத அவன்கிட்டக் கேளுங்க. வெளில வண்டில இருக்கான்."

போனேன். ஜன்னல் கண்ணாடியை இறக்கினான். அந்தப் பெரிய முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"எண்ணிப் பாத்தேன் டீச்சர்," என்றான். "தொண்ணூத்தொம்போதுதான் இருக்கு."

பேனாவை எடுத்தேன். தாள் இல்லை. ட்ரூடி கடையின் கைதுடைக்கும் காகிதம் ஒன்று அவன் வண்டிக்குள் கிடந்தது. உறைபனியில் கார்க் கூரையின் மேல் வைத்து நூறாவது தடவை எழுதினேன். குளிரில் விரல் விறைத்ததில் எழுத்து ராய்ஸ் எழுத்து மாதிரி வந்தது. வெண்டல் அதை வாங்கி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டான். பதினொன்று இருபதுக்கு.

பிப்ரவரி 4, புதன்

ஆட்டக்காரர்கள் கல்லூரிகளில் சேரக் கையெழுத்துப் போடும் நாள். கோர்ட்லன் மேஸ் நம்முடையவன்.

நாரைகள் டோபியாஸ் ரென்ட்ஃப்ரோவைச் சேர்த்துக்கொண்டார்களாம். செய்தித்தாளில் படம். பையன் நடுவில், இரண்டு பக்கமும் அப்பா அம்மா, மூன்று பேருக்கும் முகம் கொள்ளாத சிரிப்பு. எந்தக் கல்லூரியும் திரும்பிப் பார்க்காத பையன். அந்த வேர்க்கடலை வியாபாரிக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதலாம் என்று இருக்கிறேன். யார் பெயரில் என்பதுதான் யோசனை.

மார்ச் 11, புதன்

ராய்ஸ் தன் கடிதங்களைத் தானே எழுதுகிறான். ஓப்பலின் நிபந்தனை. கோழி இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு கடிதமும் ஒரு கேள்வியோடு முடிகிறது. நான் இப்போது நிஜமாகவே கோப்பு மட்டும்தான் அடுக்குகிறேன்.

ட்ரூடி கடை எனக்குத் திறந்தது போன வாரம். முதல் நாள் கருகின பிஸ்கட். ஒரு துகள் விடாமல் தின்றேன்.

செப்டம்பர் 6, ஞாயிறு

நேற்று முதல் ஆட்டம். நம் பந்தெறிபவன் ஒரு தடவைகூடத் தரையைத் தொடவில்லை. மிசிசிப்பியிலிருந்து ஓப்பல் வந்திருந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம். அவரும் ட்ரூடியும் என்னை நடுவில் உட்கார வைத்து, ஒவ்வொரு தடவை நம் பக்கம் புள்ளி எடுக்கும்போதும் இரண்டு பக்கமிருந்தும் இடித்தார்கள். விலா வலிக்கிறது.

இன்று தேவாலயம் முடிந்து நேரே ட்ரூடி கடைக்கு வந்தேன். மூலை மேசையில் வெண்டலும் கோர்ட்லனும். தட்டுகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. வெண்டல் பதினொரு பிஸ்கட், கோர்ட்லன் பதினான்கு. அடுப்பில் ஒன்றும் மிச்சமில்லை.

"ஒண்ணே ஒண்ணு சுட்டுத் தரமாட்டியா, ட்ரூடி?"

"மாவு தீந்துபோச்சு." அவள் காப்பியை மட்டும் என் முன்னால் வைத்தாள். "ரெண்டு பேரையும் கொண்டாந்து சேத்தது நீங்கதானே, டீச்சர். பட்டினி கெடங்க."